ஐந்து துண்டுச் சொற்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்த மஜீட் நானாவின் வீட்டு மாடிக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ஏறிப்போகிற புது ஆள், அங்கே பல் வைத்தியம் நடக்கிறது என்றுதான் நினைப்பான். முப்பது பேர், எல்லாரும் வளர்ந்த மனிதர்கள், வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்து, முகவாய் நாடிக்குக் கீழே புறங்கையைக் கொடுத்து, வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். நாடி ஒரு தரம் கையில் இடித்தால் ஒரு துண்டு. ஐந்து தரம் இடித்தால் ஐந்து துண்டு. இங்கிலீசுச் சொல்லை இப்படி வெட்டி எண்ணிவிட்டால் அந்த மொழி தானாகவே மடியில் வந்து விழும் என்பது ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டரின் கண்டுபிடிப்பு.

"அ-கொ-ம-டே-ஷன். எத்தினை?"

"அஞ்சு, மாஸ்டர்!"

"றி-லே-ஷன்-ஷிப்?"

"நாலு!"

அர்த்தம் என்ற ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஊரில் ஒரு சங்கக் கடைக்கு மனேஜராக இருந்து, சீனியும் மண்ணெண்ணெயும் பங்கிட்டுக் கொடுத்த மனிதர். கொழும்புக்கு வந்து ஒரு டையைக் கட்டிக்கொண்டதும் இங்கிலீசு மாஸ்டராகிவிட்டார். கேட்கிறவர்களுக்கும் வேறு போக்கிடமில்லை. கனடாவிலிருக்கிற புருஷனிடம் போகக் காத்திருக்கிற மனைவி, லண்டன் மாப்பிள்ளைக்குப் பேசிமுடித்த பெண், சுவிசிலிருக்கிற மகனுக்காக ஏங்குகிற தகப்பன் என்று லொட்ஜ் அறைகளில் நாளைக் கடத்துகிற சனம். இந்த இரண்டு மணித்தியாலமும் அவர்களுக்கு வெளிநாட்டு வாசலில் நிற்கிறது மாதிரி.

மண்டபத்துக்கும் நேசமலரின் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். நேசமலருக்கு வயது நாற்பத்தேழு. கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள். அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷம் ஜனவரியில் கோட்டையில் குண்டு வெடித்தபிறகு கம்பனி ஆட்களைக் குறைத்தது. அவளும் குறைந்தாள். இப்போது மஜீட் நானாவின் மாடி அறையில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, போம் நிரப்புகிறதும் கடிதம் அடித்துக்கொடுக்கிறதும்தான் பிழைப்பு. அவள் இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினால் வெள்ளைக்காரத் துரைமாரே ஒரு கொமாவைத் தொடமாட்டார்கள். அந்தக் காதுக்குத்தான் தினமும் இரண்டு மணித்தியாலம் இந்தப் பூசை.

வெட்டுகிறதோடு நின்றிருந்தால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். பங்குனி மாதத்தில் ஒருநாள் மாஸ்டர் அர்த்தத்திலும் கை வைத்தார்.

"இ-வென்-சு-அ-லி. அஞ்சு துண்டு. நடுவிலை என்ன கிடக்குது? ஈவென்ட். ஈவென்ட் எண்டால் விசேஷம். ஆகவே, யூ வில் ஈவென்சுவலி பீ கோல்ட் எண்டு அவன் எழுதினால், ஒரு விசேஷ நாளிலை உன்னைக் கூப்பிடுவான் எண்டு அர்த்தம்."

நேசமலர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, தட்டியைச் சுற்றி மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. அதுக்குக் கடைசியிலை, முடிவிலை எண்டுதான் அர்த்தம். விசேஷமும் இல்லை, சடங்கும் இல்லை."

பின் வாங்கிலிருந்து ஒருத்தன் கேட்டான், "அக்கா, இவ்வளவு இங்கிலீசு தெரிஞ்ச நீங்கள் ஏன் இன்னும் வெள்ளவத்தையிலை நிக்கிறியள்?" முப்பது பேரும் நாடியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். மாஸ்டர் பெருந்தன்மையோடு கையை உயர்த்திச் சனத்தை அடக்கி, "இல்லை, இல்லை, மிஸ் சொல்லுறதிலும் ஒரு நியாயம் இருக்குது. அப்பிடியும் சொல்லலாம்" என்றார்.

அப்பிடியும் சொல்லலாமாம்! இருபத்திரண்டு வருஷம் சோர்ட்ஹாண்ட் எடுத்தவளுக்குச் சங்கக் கடை மனேஜர் போட்ட புள்ளி. அதற்குப் பிறகு வந்த நாலு மாதமும் நேசமலர் சோறு சாப்பிடும்போதும் அது தொண்டையில் நின்றது. இந்த மனிதன் ஒருநாள் முப்பது பேருக்கு முன்னால் மூக்குடைபட வேண்டும், தான் கிட்ட நின்று பார்க்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இல்லாமல் போனது.

மாஸ்டருடைய உச்சக்கட்ட வித்தை ஒன்று உண்டு. யாருக்காவது தூதரகத்திலிருந்து கடிதம் வந்தால், வகுப்பில் கொண்டுவந்து அவரிடம் கொடுக்கவேண்டும். அவர் அதை உரத்து வாசிப்பார். சனம் நாடியில் கை வைத்து எண்ணும். கடைசியில் தீர்ப்பு. தீர்ப்புக்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது.

"வெள்ளைக்காரன் இல்லை எண்டு சொல்லுறதெண்டால் இரண்டு துண்டிலை முடிச்சிடுவான். றி-ஜெக்ட். றி-பியூஸ். டி-னை. டி-போர்ட். மினக்கெடமாட்டான். அஞ்சு துண்டுச் சொல் போடுறான் எண்டால் எங்களோடை கதைக்க விருப்பப்படுறான் எண்டு அர்த்தம்."

சிரிக்கிறதா அழுகிறதா? ஆனால் பாருங்கள், இந்தச் சட்டம் இரண்டு முறை பலித்தும்விட்டது. ஒருத்திக்கு வந்த கடிதத்தின் முதல் வரியிலேயே 'றிபியூஸ்ட்' என்று இருந்தது. மாஸ்டர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார், அவளுக்கு விசா இல்லை. இன்னொருவனுக்கு 'கொங்கிராச்சுலேஷன்ஸ்' என்று வந்தது. சந்தேகமில்லாமல் ஐந்து துண்டு. அவன் ஆனியில் விமானம் ஏறினான். அதற்குப் பிறகு பம்பலப்பிட்டி, தெஹிவளை லொட்ஜுகளிலிருந்தெல்லாம் சனம் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கியது. சாத்திரியாரிடம் போகிற கூட்டம் பாதி இங்கே திரும்பிவிட்டது.

அந்த வகுப்பில் முன் வாங்கில் இருக்கிறவள் அன்னபாக்கியம். சாவகச்சேரிப் பக்கம். கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் புருஷன் கனடாவுக்குப் போனான். ஒன்பது வருஷமாகிறது. முதல் விண்ணப்பம் ஊர் அல்லோலகல்லோலத்தில் எங்கேயோ போய்விட்டது. இது இரண்டாவது, போட்டே மூன்று வருஷம். அவளுக்கு முப்பத்தாறு வயது. "இந்த முறை சரி வந்தால் எனக்கு ஒரு பிள்ளையாவது கிடைக்கும் அக்கா. இன்னும் மூண்டு நாலு வருஷம் எண்டால் பிறகு போயும் என்ன, போகாமல் விட்டும் என்ன" என்று ஒருநாள் போம் நிரப்ப வந்தபோது நேசமலரிடம் சொன்னாள். அழவில்லை. பஸ் நேரம் சொல்லுகிறது மாதிரிச் சொன்னாள். நேசமலருக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் ஒரு நாளும் வகுப்பைத் தவறவிடாத இவளைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

ஆடி பதினாறு, அதாவது ஜூலை பதினாறு, செவ்வாய்க்கிழமை, அன்னபாக்கியத்துக்குக் கடிதம் வந்தது. வந்தது என்றால், லொட்ஜ் மனேஜரின் மேசை லாச்சிக்குள் இரண்டு கிழமை கிடந்துவிட்டு வெளியே வந்தது. நாலரை மணிக்கு மாஸ்டர் அதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு வாசிக்க, நேசமலர் தட்டிக்கு இந்தப் பக்கம் டைப் அடிக்கிறதை நிறுத்தினாள்.

"டொ-கி-மென்-டே-ஷன்."

"அஞ்சு!"

"ஓ-தென்-ரி-கே-ரெட்."

"அஞ்சு!"

"அ-கம்-ப-னி-யிங்."

"அஞ்சு!"

துண்டு துண்டாக வந்தாலும் நேசமலரின் காதுக்கு அது முழு வசனமாகவே கேட்டது. கலியாணப் பதிவின் மூலப் பிரதி, அதன் அத்தாட்சிப்படுத்திய இங்கிலீசு மொழிபெயர்ப்பு, புதிய பொலிஸ் சான்றிதழ். கடிதத் திகதியிலிருந்து அறுபது நாளுக்குள் வந்து சேரவேண்டும். சேராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அந்தக் கடைசிச் சொல்லை மாஸ்டர் வெட்டினார்.

"அ-பன்-டன்ட்."

"மூண்டு!" என்று முப்பது வாயும் சந்தோஷமாகக் கத்தின. அன்னபாக்கியத்தின் குரலும் அதில் இருந்தது.

"ஒன்பது அஞ்சு துண்டுச் சொல்" என்று மாஸ்டர் கடிதத்தை மடித்தார். "இவ்வளவு மரியாதையான கடிதத்தை நான் இன்னும் காணேல்லை. அறுபது நாள் எண்டும் போட்டிருக்கிறான். அறுபது நாளிலை கூப்பிடுவான். அன்னபாக்கியம், பெட்டியைக் கட்டும்!"

கைதட்டல் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் அன்னபாக்கியம் தட்டியைச் சுற்றி வந்தாள். ஒரு கையில் சந்தோஷத்துக்கு வாங்கிய பற்றிஸ் தட்டு, மறுகையில் கடிதம். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, இதை ஒருக்கா அடிச்சுத் தாங்கோ. அவருக்கு அனுப்பவேணும். போட்டோ கொப்பி எடுக்கப் போனன், கரண்ட் இல்லையெண்டு கடைக்காரன் சொல்லுறான்."

அந்த வருஷம் மழையும் பொய்த்து, கரண்டையும் நாளுக்கு எட்டு மணித்தியாலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நேசமலர் தாளைச் செருகி, நடுவில் ஒரு காபன் தாளையும் வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு கொமாவாக, அந்தக் கடிதம் முழுவதும் அவளுடைய விரலால் இன்னொரு தரம் அடிபட்டது. ஆனி பத்தாம் திகதிக் கடிதம். அறுபதாம் நாள் ஆவணி ஒன்பது. மிச்சம் இருபத்திநாலு நாள்.

அன்னபாக்கியம் மேசையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல சேதி தானே அக்கா?"

வாய் திறந்தால் ஒரு வசனம். அந்த ஒரு வசனம் நேசமலரின் நுனி நாக்குக்கு வந்தது. அங்கேயே நின்றது. இவளிடம் இப்போது சொன்னால் என்ன நடக்கும்? இவள் ஓடிப்போய் மாஸ்டரிடம் சொல்லுவாள். மாஸ்டர் கையை உயர்த்தி, அப்பிடியும் சொல்லலாம் என்பார். கதை முடிந்தது. வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, இருபத்தெட்டாம் திகதி, இதே மண்டபத்தில் வகுப்பின் சான்றிதழ் விழா. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினர். அழைப்பிதழை அடித்துக்கொடுத்ததே நேசமலர்தான். அந்த மேடையில், அந்த அதிகாரிக்கு முன்னால், இந்தக் கடிதத்தை எடுத்து வாசித்து அர்த்தம் சொன்னால்? அப்பிடியும் சொல்லலாமா, மாஸ்டர்? அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் இருக்கும். மொழிபெயர்ப்புக்கு மூன்று நாள் போதும். பொலிஸ் சான்றிதழ் விஷயமாக அவளுக்குக் கோட்டையில் ஆளைத் தெரியும். எல்லாவற்றையும் தானே ஓடித்திரிந்து செய்துகொடுக்கலாம், ஒரு சதம் வாங்காமல். இப்படி நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் ஒரு மதிப்புக்கூட வந்தது.

"மாஸ்டர் சொல்லிப்போட்டார் தானே" என்றாள் நேசமலர்.

அன்னபாக்கியம் சிரித்துக்கொண்டு பற்றிஸ் தட்டை நீட்டினாள். நேசமலர் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். காபன் பிரதியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள்.

எட்டு நாள் அவள் அந்த மேடைப் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்திக் கல்வி அதிகாரியைப் பார்ப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். ஒன்பது வருஷம் காத்திருந்தவளின் நாட்களில் எட்டை எடுத்து ஒரு பேச்சுக்குச் செலவழித்தாள் நம்முடைய இங்கிலீசுக்காரி. மாஸ்டருடைய மடமையாவது இலவசம்.

இருபத்துநாலாம் திகதி புதன் பின்னேரம் தெஹிவளை ஸ்டேஷனில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம் செத்தது. அடுத்தநாள் காலையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளின் இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டு பொலிசும் ஆமியும் வந்தார்கள். லொட்ஜ் லொட்ஜாக ஏறி, வடக்கு ஊர்களிலிருந்து வந்த தமிழ் ஆட்களையெல்லாம் இறக்கி, பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நேசமலரின் அடையாள அட்டையில் பழைய கொழும்பு விலாசம் இருந்தது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜன்னலால் பார்த்தபோது அன்னபாக்கியம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்சில் ஏறினாள்.

விழா நடக்கவில்லை. வகுப்பும் நின்றது. மூன்றாம் நாள் பெண்களை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நேசமலர் லொட்ஜுக்கு ஓடினாள். அன்னபாக்கியம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி ஊர் ஆட்களை வைத்திருக்கப் பயமாக இருக்கிறது என்று மனேஜர் எல்லாரையும் அனுப்பிவிட்டார். எங்கே போனாள்? அவருக்குத் தெரியாது.

நேசமலர் தேடத் தொடங்கினாள். உண்மையாகத்தான் தேடினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளவத்தையில் மிஞ்சியிருந்த லொட்ஜுகளில் ஏறி இறங்கினாள். அன்னபாக்கியத்தின் ஊர்க்காரி ஒருத்தி தெஹிவளையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அங்கே போனாள். யாரோ ஒருத்தி சுகமில்லாமல் களுபோவில ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வாட்டு வாட்டாகப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றாள். நாள் ஒன்று ஒன்றாகக் கழிந்தது.

கேட்கவேண்டிய ஒரேயொரு ஆளை மட்டும் அவள் கேட்கவில்லை. சுற்றிவளைப்பு நடந்த நாளிலிருந்து மாஸ்டர் வகுப்பு இடாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார் என்றும், சிங்களமும் தெரியாமல் இங்கிலீசும் ஓடாமல் ஒவ்வொரு பெயராக வாசித்து, மை ஸ்டூடன்ட், மை ஸ்டூடன்ட் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார் என்றும் சனம் கதைத்தது. மஜீட் நானா சொல்லச் சொல்ல நேசமலர் உதட்டைப் பிதுக்கினாள். இடாப்பைக் காட்டினால் விட்டுவிடுவார்களாமா? விடுகிற நேரம் வந்தது, விட்டார்கள். ஆவணி எட்டாம் திகதி காலை, காலி வீதி என்கிற அந்தப் பெரிய தெருவில், மாஸ்டர் எதிரே வந்தார். டை இல்லை. முகச்சவரம் இல்லை. அவளைக் கண்டு கையைத் தூக்கினார். நேசமலர் காணாதவள்போல வீதியைக் கடந்து மறுபக்கம் போய்விட்டாள். அந்த வாயிடம் போய் ஒரு உதவி கேட்கிறதைவிடக் கொழும்பு முழுவதையும் நடந்து தீர்க்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஒன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

சனிக்கிழமை காலையில் மஜீட் நானா படிக்கட்டடியில் அவளை மறித்தார். "என்ன மிஸ், வெய்யிலுக்குள்ள அலைஞ்சு அலைஞ்சு கறுத்துப் போய் ஈக்கிறீங்க. அந்தப் புள்ளயத் தேடுறீங்க தானே? மாஸ்டருக்கிட்டக் கேட்டா முடிஞ்சுது. எல்லாப் புள்ளைகள்ட விலாசமும் அவரு எழுதி வெச்சிருக்கிறாரு. நான் நெனச்சேன் நீங்க முந்தியே கேட்டிருப்பீங்க எண்டு."

மாஸ்டர் ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். அவள் கேட்டதும், ஏன் எதற்கு என்று ஒன்றும் இல்லாமல், இடாப்பைத் திறந்து ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். கொட்டாஞ்சேனை, ஒரு தையல்கடைக்குப் பின்வீடு.

"நான்தான் மிஸ் அந்த இடத்தைப் பிடிச்சுக் குடுத்தனான். என்ன, ஏதும் அவசரமே?"

"அந்தக் கடிதம் விஷயம்."

"அது நல்ல கடிதமெல்லோ மிஸ்" என்றார் மாஸ்டர். கண் நிறைய நம்பிக்கை. ஐந்து மாதமாக நேசமலர் இந்த முகத்துக்கென்று சேர்த்துவைத்த சொற்கள் எத்தனையோ. ஒன்றையும் காணவில்லை. அவள் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அன்று பின்னேரம் அவள் லாச்சியைத் திறந்து காபன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கடிதம் அடித்தாள். தவணையை நீடித்துத் தரும்படி விண்ணப்பம். கோவை இலக்கம் காபனிலேயே இருந்தது. அதை மேலே அடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்படி ஒரு கடிதத்தைத் தன் பேரிலேயே எழுதி, அன்னபாக்கியத்தைத் தேடாமலே அனுப்பியிருக்கலாம். இருபத்தைந்தாம் திகதி அனுப்பியிருக்கலாம், முதலாம் திகதி அனுப்பியிருக்கலாம், நேற்றுக் காலை கையில் கொண்டுபோய்க்கூடக் கொடுத்திருக்கலாம். மேடையில் வாசிக்கிறதற்கென்று வைத்த தாள் வேறொன்றுக்கும் உதவும் என்று அவளுடைய மூளைக்கு எட்டவில்லை. முட்டாள்கள் என்று அவள் முப்பது பேரை வைத்திருந்தாள். தன்னையும் சேர்த்து எண்ணத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் அந்தப் பின்வீட்டைக் கண்டுபிடித்தபோது அன்னபாக்கியம் வாசலில் உடுப்புக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். நேசமலரைக் கண்டதும் ஈரக் கையோடு ஓடிவந்து பிடித்தாள்.

"அக்கா! எப்பிடிக் கண்டுபிடிச்சனியள்? இருங்கோ, இருங்கோ. அறுபது நாள் முடிஞ்சுது அக்கா. இனி எந்த நாளும் கூப்பிடுவினம். இன்டர்வியூவுக்கெண்டு முன்கடையிலை ஒரு பிளவுஸும் தைக்கக் குடுத்தனான்."

உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேசை. இன்னும் இரண்டு பெண்கள் நிலத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நேசமலர் இருக்காமல் நின்றபடியே சொன்னாள். கடிதம் கூப்பிடுகிற கடிதம் அல்ல. பத்திரங்கள் கேட்ட கடிதம். அறுபது நாளுக்குள் கேட்டது. அந்த நாள் நேற்று முன்தினம் முடிந்தது.

அன்னபாக்கியம் கட்டிலில் இருந்தாள். கீரை ஆய்ந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"நான் ஒரு கடிதம் அடிச்சுக் கொண்டந்திருக்கிறன்" என்று நேசமலர் அவசரமாகப் பையைத் திறந்தாள். "தவணை கேட்டு. இப்பிடிக் கேட்டால் சிலவேளை குடுப்பினம். நீர் கையெழுத்து வைச்சால் போதும், நாளைக்கு விடியவே நான் கொண்டுபோய்க் குடுப்பன்."

அன்னபாக்கியம் தாளை வாங்கிப் பார்த்தாள். "இதிலை என்ன எழுதியிருக்குது?"

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறன்."

"ஒவ்வொரு வரியாத் தமிழிலை சொல்லுங்கோ அக்கா. இனி விளங்காத ஒண்டிலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

நேசமலர் பக்கத்தில் இருந்து, விரலை வரியில் வைத்துச் சொன்னாள். உங்கள் ஆனி பத்தாம் திகதிக் கடிதம் கிடைத்தது. கேட்ட பத்திரங்களைக் குறித்த காலத்துக்குள் அனுப்ப முடியாமற் போனதற்கு வருந்துகிறேன். நகரத்தில் நிலவிய பாதுகாப்பு நிலைமையே இந்தத் தாமதத்துக்குக் காரணம்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் அன்னபாக்கியம். "கடிதம் வாசிச்சது பதினாறாம் திகதி. குண்டு வெடிச்சது இருபத்திநாலு. நடுவிலை எட்டு நாள் நான் சும்மாதானே இருந்தனான். பெட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தனான்."

நேசமலர் விரலை வரியிலிருந்து எடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. நேற்றுத்தான் காபனைப் பார்த்தேன் என்றால் இவள் நம்புவாள். நம்புகிறவர்களைக் கண்டுதானே நேசமலருக்கு இவ்வளவு இளக்காரம்.

"நீர் அடிக்கத் தந்த அண்டைக்கே தெரியும். தட்டிக்குப் பின்னாலை கேக்கேக்கையே தெரியும்."

"அப்ப ஏன்?"

"அந்த மனிசனை எல்லாருக்கும் முன்னாலை... விழா அண்டைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அன்னபாக்கியம் தாளைத் திருப்பி நேசமலரிடம் நீட்டினாள். "மாஸ்டருக்குத் தெரியாது. தெரியாமல் பிழையாச் சொன்னவர். நான் அவரோடை விட்டனானே? உங்களிட்டையும் வந்து கேட்டனான். நல்ல சேதி தானே எண்டு, உங்களிட்டைத்தான் அக்கா கேட்டனான்."

அவள் எழும்பிப்போய் மேசையிலிருந்து ஒரு பேனையை எடுத்துவந்து நீட்டினாள்.

"அந்த வரியை வெட்டுங்கோ. நடந்ததை எழுதுங்கோ. உங்கடை பேரைப் போட்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுதினால் அவங்கள்..."

"எழுதுங்கோ."

நேசமலர் தாளை மடியில் வைத்து, பாதுகாப்பு நிலைமையை ஒரு கோட்டால் வெட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுடைய கடிதத்தில் ஒரு வெட்டு விழுந்தது அன்றைக்குத்தான். அதற்குக் கீழே பேனையால் இரண்டு வசனம் எழுதினாள். அவளுடைய இங்கிலீசு அவளைக் கைவிடவில்லை. நல்ல, சுத்தமான, ஒரு பிழையும் இல்லாத வசனங்கள்.

"இப்பத் தமிழிலை சொல்லுங்கோ."

கீரையோடு இருந்த இரண்டு பெண்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேசமலராகிய எனக்கு அந்தக் கடிதத்தின் அர்த்தம் கிடைத்த அன்றைக்கே விளங்கியது" என்று நேசமலர் வாசித்தாள். "அன்னபாக்கியம் என்னைக் கேட்டும் நான் அவவுக்குச் சொல்லவில்லை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள் அன்னபாக்கியம்.

நேசமலர் இன்னொரு தரம் சொன்னாள்.